காவலூர்த் தொலைநோக்கியும் கோடோவின் ஸ்கேல் கைப்பிடியும்

ஒரு கேம் என்ஜினின் குணம் அறிய அது வரைந்து காட்டும் புல்லும் தண்ணீரும் உதவாது. நாலு பொருள்களை ஒன்றாகக் கட்டி, கட்டிய பிறகு பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஜவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் இதற்கு நல்ல சோதனைப் பொருள். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அசையும் உறுப்புகளின் அடுக்கு. குவிமாடம் தனியே சுழலும். குதிரைலாட வடிவத் தாங்கி, பூமியின் அச்சுக்கு இணையான துருவ அச்சில் திரும்பும். காவலூரின் அட்சரேகை ஏறக்குறைய 12.5 பாகைதான் என்பதால் அந்த அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. தாங்கிக்குள் குழாய் வடக்கு தெற்காகச் சாயும், குழாயின் அடியில் ஆடி. எது எதைச் சுமக்கிறது என்பதில் பிழை நேர்ந்தால் மாதிரித் தொலைநோக்கி விண்மீனைப் பின்தொடராது.

இந்த அடுக்கைக் கட்டுவதில் கோடோ 4 என்ற கேம் என்ஜினுக்குத் தாராளமாக மதிப்பெண் தரலாம். 12.5 பாகைச் சாய்வை மேலே ஒரு தாய் நோட்டில் ஒருமுறை கொடுத்தால், கீழே உள்ள பிள்ளை நோட்கள் ஒவ்வொன்றும் தன் ஒரே அச்சில் திரும்பினால் போதும். கோணக் கணக்கு போட வேண்டியதில்லை. பெயர் வைத்ததில்தான் கோளாறு. 'குரூப்' என்ற சொல் இங்கே இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, நோட்களுக்கு ஒட்டும் அடையாளச் சீட்டு. மற்றொன்று, கன்ட்ரோல்-ஜி அழுத்தினால் கிடைப்பது: திரையில் பிள்ளையைத் தொட்டாலும் தாயே தேர்வாகும், அவ்வளவுதான். ராப்லாக்ஸில் அதே விசை, தேர்ந்தவற்றைச் சேர்த்துப் புதிய மாடல் ஒன்றை உருவாக்கும். அந்தப் பழக்கத்தோடு வருபவர் இங்கே தடுமாறுவார். புதிய தாய் நோட் வேண்டுமென்றால் ரைட் கிளிக் மெனுவுக்குள் தேட வேண்டும்.

பெரிதாக்கும்போதுதான் வினை. ஸ்கேல் கைப்பிடி இழுக்க எளிது, அதனாலேயே ஆபத்து. தாங்கியின் உயரத்தை மட்டும் 2 மடங்கு இழுத்துவிட்டுக் குழாயைத் திருப்பினால், நிமிர்ந்து நிற்கையில் குழாய் நெட்டை, படுத்தால் குண்டு. 45 பாகையில் நின்றால் குழாய்க்கும் ஆடிக்கும் இடையே இருக்க வேண்டிய 90 பாகை 53 ஆகச் சுருங்கிவிடும். தாயின் நீட்சி, பிள்ளையின் சுழற்சிக்குப் பிறகும் தன் பழைய திசையிலேயே இழுப்பதுதான் காரணம். ஆகவே என் கட்சி இதுதான்: கட்டுவது வேறு, அளவை மாற்றுவது வேறு. தாய் நோட்களின் ஸ்கேல் 1 ஆகவே இருக்கட்டும். ஆடி பெரிதாக வேண்டுமா, சிலிண்டர் மெஷ்ஷின் ஆரத்தை 1.17 மீட்டர் என்று எழுதுங்கள். கோடோவும் இதைத்தான் சொல்கிறது. மோதல் வடிவத்தை ஒரு பக்கமாக இழுத்தால் மஞ்சள் முக்கோணம் காட்டி, வடிவத்தின் அளவை மாற்றச் சொல்லும். ரிஜிட் பாடியின் ஸ்கேலை மாற்றினால், விளையாட்டு ஓடும்போது இயற்பியல் பகுதி அதை அழித்துவிடும் என்று முன்கூட்டியே எச்சரிக்கும். சாதாரண நோட்டுக்கு மட்டும் எச்சரிக்கை இல்லை; மேலே சொன்ன 53 பாகை மௌனமாகவே நிகழும்.

இது கணிதத்தின் குற்றம், கோடோவின் குற்றமல்ல என்பார்கள். உண்மைதான்; யூனிட்டி என்ஜினிலும் இதே கோணல் வரும். ஆனால் பிளெண்டரில் கன்ட்ரோல்-ஏ அழுத்தி, இழுத்த அளவை மெஷ்ஷிலேயே பதித்து ஸ்கேலை 1-க்குத் திருப்ப முடிகிறது. கோடோவில் வெளியிலிருந்து இறக்கும் மாடலுக்கு இறக்கும்போதே அளவு கொடுக்கலாம்; எடிட்டருக்குள் கட்டியதற்கு அப்படியொரு கை வைத்தியம் இல்லை. எல்லாப் பக்கமும் சமமாக இழுத்தால் தொல்லை இல்லையே என்பது அடுத்த வாதம். உருவம் கோணாது, சரி. ஆனால் பெரிய குவிமாடத்தைப் பாதியாக்கி, அதே வளாகத்தில் 1972 முதல் இயங்கும் 1 மீட்டர் தொலைநோக்கிக்கு வைத்தால் கதவும் படியும் கூடவே சிறுக்கும். ஆள் நுழைய முடியாது, இதே மலையில் குள்ளர் குகை என்று அழைக்கப்படும் கல்திட்டைகளின் கதையாகிவிடும். கட்டடம் சிறுத்தாலும் மனிதர் சிறுப்பதில்லை. விட்டத்தை ஒரு எண்ணாக வெளியே வைத்து, குவிமாடம் மட்டும் அதற்கேற்ப மாறும்படி ஒரு டூல் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் கதவு தன் 2 மீட்டரில் நிற்கும். எழுத அரை மணி நேரம் கூடுதலாகலாம். மூன்றாவது குவிமாடத்துக்கு எண்ணை மாற்றினால் போதும்.