சிலாபக் கரையிற் கூத்தும் கோவிலும்

புத்தளம் மாவட்டத்துக் கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் தலவிலையிற் புனித அன்னம்மாள் ஆலயத்தையும், உடப்பில் திரௌபதையம்மன் கோவிலையும், சிலாபத்தை அடுத்து முன்னேசுவரத்தையும் காண்பர். இக்கரையின் கத்தோலிக்க மக்கள் தம் வேதக் கதைகளை ஆடிக் காட்ட விழைந்தபோது கைக்கொண்ட வடிவம் தமிழர்தம் நாட்டுக்கூத்தே என்பது ஆராய்ச்சியாளர்க்கு ஒப்ப முடிந்ததாகும். அதுவே சிங்கள மொழியில் 'நாடகம' ஆயிற்று. சிந்து 'சிந்துவ' எனவும், இன்னிசை 'இன்னிசய' எனவும், மத்தளம் 'மத்தளய' எனவும் அங்கு வழங்கலாயின. கோணங்கி பெயர் மாறாமலே புகுந்தான்.

இவ்வளவில் நின்று, கடன் தந்தவர் நாமே என மார்தட்டுதல் திறனாய்வாகாது. பெற்றவர் அதனைக்கொண்டு யாது செய்தனர் என்பதன்றோ வினா?

பழைய சிங்கள நாடகங்களுள் ஒன்றாகிய 'ராஜ துன் கட்டுவ', சிலாபத்துக் கபிரியேல் பெர்னாந்து இயற்றியது என்பர். மூவிராசாக்களின் கதை அது. மன்னாரில் இக்கதை தமிழ்க் கூத்தாகவே ஆடப்பெற்றது, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் அதனைப் பதிப்பித்தார். மத்தேயு நற்செய்தியோ கீழ்த்திசை ஞானிகள் வந்தனர் என்ற அளவில் அமையும். அவர் மூவர் என்றோ அரசர் என்றோ கூறுவதில்லை. பிற்கால மரபே அவர்க்கு முடி சூட்டிற்று. கூத்துக்கு அம்முடி இன்றியமையாதது. அரசன் ஒருவன் களரியிற் புகுதற்கு வரவுப்பாட்டு வேண்டும், தாளக்கட்டு வேண்டும், கொலு வேண்டும். ஒருவர்பின் ஒருவராக மூவர் அவ்வாறு ஆரவாரத்துடன் ஆடி வந்து, ஈற்றிலே புல்லணையிற் கிடக்கும் மகவின்முன் ஆட்டம் ஒழிந்து முழந்தாட்படியிடுங்கால், மத்தளம் ஓய்ந்த அந்த ஒரு கணமே வேதவாக்கியத்தின் பொருளை விளக்கிவிடுகின்றது. நூலிற் சுருங்கக் கிடந்ததை வடிவம் விரித்தது. வடிவத்தின் ஆரவாரத்தைக் கதை அடக்கிற்று. இதனை வெறும் போலி எனத் தள்ளுவார் கூத்தை ஏட்டில் மட்டும் படித்தவராவர்.

இவ்வாக்கம் குருமாரால் மட்டும் விளைந்ததன்று. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1705இல் கோவையிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். (கொங்கணக் கரையின் கோவையே இது, கொங்குநாட்டுக் கோவையன்று.) போலவத்தையில் 1742இல் அவர் மறைந்தார். தவக்காலத்தில் ஓதப்பெறும் அவர்தம் வியாகுலப் பிரசங்கங்கள், உருவங்களை அசைத்துக் காட்டும் உடக்குப் பாசுக்கு உயிராயின. எனினும், குருவானவர் அரிதாகவே வந்துபோகும் ஊர்களிற் செபத்தையும் பாடலையும் காத்தவர் ஊரவரே. கூத்துப் பழக்குவோனை அண்ணாவி என்பது நம் வழக்கு. இக்கரையிலோ கோவிலிற் செபம் சொல்லி நடத்துவோனும் அண்ணாவியே. இரு தொழிற்கும் ஒரு பெயர் வாய்த்தமை தற்செயலாகாது.

உடக்குப் பாசில் வாய் திறவாத மரவுருவம் ஓரிடத்தும், அழும் குரல் வேறோரிடத்தும் நிற்கும். அப்பிளவிலேதான் அதன் சோகம் செறிந்துள்ளது. பொரலஸ்ஸவில் லோரன்ஸ் பெரேரா 1923இல் உயிருள்ள நடிகரைக்கொண்டு பாடுகளின் காட்சியை மேடையேற்றியபோது, செருமனியின் ஓபரம்மர்கவு நாடகம் முன்மாதிரியாயிற்று. மெய்ம்மைத் தோற்றம் மிகுந்தது உண்மை. ஆயின், பார்ப்போன் தன் உள்ளத்தால் நிரப்புதற்கு விடப்பட்டிருந்த வெளி குறைந்தது. இவ்விழப்பை அக்காலத்தார் பெரிதாக எண்ணினாரல்லர்.

நாடகமவோ கரையை விட்டுத் தெற்கே பௌத்த ஊர்களிற் பரவிற்று. பலபிட்டிப் பகுதியின் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணைகொண்டு பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அதனைப் புதுக்கினார். 1956 நவம்பர் 3ஆம் நாள் கொழும்பில் அரங்கேறிய 'மனமே', சாதகக் கதையைப் பாடியது. பாடிய நடையோ ஒருகாலத்தில் மூவிராசாக்களை ஆடவைத்த நடையின் வழிவந்தது. சிங்கள அரங்கின் மறுமலர்ச்சியை அந்நாளினின்று கணக்கிடுவோர் சிலாபத்தைக் குறிப்பிடுவது அரிது.

நாமும் குறிப்பிடுவது அரிது என்பதே வருந்தத்தக்கது. இருபதாம் நூற்றாண்டிற் சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கத்தோலிக்க ஊர்கள் பலவற்றிற் பள்ளியும் செபமும் சிங்களமாயின. மொழி மாறிய வீட்டிற் பாட்டனின் கூத்தேட்டை வாசிப்பார் இலர். வித்தியானந்தனின் பதிப்புகளால் மன்னார்க் கூத்துகளுட் சில நிலைபெற்றன. அங்கு ஏடும் மொழியும் ஒருங்கே உயிரோடிருந்தன. சிலாபக் கரையிலோ தமிழைக் கைவிட்டுச் சிங்களத்தில் மன்றாடத் தொடங்கிய ஊர்களிலும், முன்னின்று செபம் சொல்வோனை 'அண்ணாவி' என்றே அழைத்தனர்.