மயில்கழுத்து நிறத்தில் ஒரு கேக்

பட்டுப்புடவையின் மயில்கழுத்து நிறத்தைக் கேக்கின் மேல் கொண்டுவருவது லேசான காரியமல்ல. வெண்ணெய் சேர்ந்த பட்டர்க்ரீமில் இயல்பாகவே ஒரு மஞ்சள் சாயல் உண்டு. நீலம் விழுந்ததும் பச்சை தட்டிவிடும். மயில்கழுத்துக்கு அந்தப் பச்சை துணை நிற்கும். வானநீலம் வேண்டுமென்றால் அதுவே தொல்லை. அப்போது பல்குச்சி நுனியில் ஊதா ஜெல் கலரைத் தொட்டு முதலில் கலக்க வேண்டும். மஞ்சள் அடங்கி, க்ரீம் வெளுத்து வரும். நீலம் தெளிவாக நிற்கும். இந்தத் தொழிலின் அழகெல்லாம் அந்த ஒரு பொட்டு ஊதாவில் இருக்கிறது என்பேன்.

சிவப்புக்குப் பொறுமை வேண்டும். கலந்தவுடன் அடர் ரோஜாதான் தெரியும். அவசரப்பட்டுக் கலரை மேலும் மேலும் சேர்த்தால் நாக்கில் கசக்கும். மூடி வைத்துவிட்டால் சில மணி நேரத்தில் தானே இன்னும் சிவக்கும். கறுப்புக்கு, கோகோ கலந்த க்ரீமிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்; கலர் குறைவாகப் போதும்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யுங்கள். தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கலந்து வையுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி கைக்கு வருவது கடினம்.