துண்டுச் சீட்டில் ஒரு கேமிங் பெட்டி

கேமிங் கம்ப்யூட்டர் என்றதும் கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினெட்டும், உள்ளே நிறம் மாறி மாறிச் சுழலும் விசிறிகளும்தான் பலருக்கு நினைவு வரும். என்னிடம் பெட்டியைக் காட்டவே வேண்டாம். கடையில் எழுதிக் கொடுத்த கோட்டேஷன் சீட்டைக் காட்டினால் போதும். ப்ராசஸர், போர்டு, ராம், கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட் என்று ஏழு வரி. மூன்று லட்சம் ரூபாய்ச் சீட்டில் ரசிக்க அநேகமாக ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு வரியிலும் இருப்பதிலேயே பெரியதை எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஐம்பதாயிரத்துக்குள் எழுதிய சீட்டில் ஒவ்வொரு வரியும் பக்கத்து வரியிடம் கடன் வாங்கியிருக்கும். யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள், வாங்கியது நியாயமா என்று பார்ப்பதில்தான் ருசி.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் கடன் கணக்கு காதில் விழும். "பட்ஜெட் சொல்லுங்க தம்பி, என்ன கேம் ஆடுவீங்க?" என்பார் கடைக்காரர். "அம்பது ரூபாக்குள்ள முடிக்கணும்ணா. ஜிடிஏ, வாலரண்ட் ஓடினா போதும்" என்பான் பையன். ஆயிரங்களைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுவது அந்தத் தெரு வழக்கம். "அப்போ ப்ராசஸர்ல கொஞ்சம் குறைச்சு கார்டுல ஏத்திக்கலாம்." பாதிக் கலை இந்த பதிலிலேயே வந்துவிட்டது. எங்கே குறைத்தால் வலிக்காது என்பது மீதிப் பாதி.

வலிக்காத இடம் தேடும் இந்த வித்தைக்குப் பழைய பரம்பரை உண்டு. 1998இல் இன்டெல் தன் மலிவு ப்ராசஸரான செலரானை இரண்டாம் நிலை கேஷ் நினைவகமே இல்லாமல் விற்கப் பார்த்தது. கேலிதான் மிஞ்சியது. அதே ஆண்டில் வந்த செலரான் 300ஏ-யில் 128 கேபி கேஷ் வைத்தார்கள். விலை உயர்ந்த பென்டியம் 2-இல் 512 கேபி இருந்தது. ஆனால் அது சிப்புக்கு வெளியே உட்கார்ந்து பாதி வேகத்தில் ஓடியது. செலரானுடையது சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. போர்டின் பஸ் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் நின்றது. பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-க்குப் பக்கத்தில் வைத்து கேம் ஓட்டினால் வித்தியாசம் தேட வேண்டியிருந்தது. மாற்ற விடாத போர்டுகளை ஏமாற்ற, சிப் அட்டையின் பி21 என்ற ஒரே ஒரு முனையின் மேல் துளி டேப் ஒட்டினார்கள். அடுத்த சில வருடங்களில் ஏஎம்டியின் டியூரான், அத்லான் சிப்புகளின் முதுகில் வெட்டுப்பட்டிருந்த நுண்ணிய இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலால் கோடிழுத்துச் சேர்த்துப் பூட்டைத் திறந்தார்கள்.

இப்போது அந்த வாசல்கள் ஏறக்குறைய அடைபட்டுவிட்டன. சிப்பே தன் சூட்டையும் மின்சாரத்தையும் பார்த்துப் போகக்கூடிய வேகத்துக்குத் தானாகப் போய்விடுகிறது. நாம் பிழிந்தெடுக்க அதிகம் மிச்சம் வைப்பதில்லை. அதனால் கைவேலை, தேர்வு செய்வதற்கு இடம் மாறிவிட்டது. எனக்கு இதில் வருத்தமில்லை. தேர்வில் இருக்கும் நுணுக்கம் பென்சில் கோட்டைவிடக் குறைந்ததல்ல.

ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2022 ஏப்ரலில் வந்தவை. இரண்டிலும் 6 கோர், 12 திரெட். இரண்டும் ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும். பெயரில் நூறுதான் வித்தியாசம். ஆனால் 5500-இல் எல்3 கேஷ் 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. கேமுக்கு இது பெரிய விஷயம். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைப்பது 16.7 மில்லி நொடி. தேவையான தகவல் பக்கத்திலேயே கேஷில் இல்லாவிட்டால் ப்ராசஸர் ராம் வரை போய் எடுத்து வர வேண்டும். அந்த நேரம் முழுக்க சும்மா நிற்கும். அதே மாதம் வந்த 5800எக்ஸ்3டி இதைச் சந்தேகமில்லாமல் காட்டியது. 5800எக்ஸைவிட அதன் கடிகார வேகம் குறைவு. ஆனால் மேலே அடுக்கியதையும் சேர்த்து 96 எம்பி எல்3 கேஷ் இருந்ததால் கேமில் அண்ணனை முந்தியது. செலரான் 300ஏ சொன்ன அதே கதைதான்.

இன்னொரு வித்தியாசம் சீட்டில் தெரியவே தெரியாது. 5600 பிசிஐ எக்ஸ்பிரஸ் நாலாம் தலைமுறை. 5500 மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடும். இதனால் என்ன என்று தோன்றும். இப்போது கார்டு வரியில் ஆர்எக்ஸ் 6500எக்ஸ்டி எழுதிப் பாருங்கள். அந்தக் கார்டு பேசுவதற்கு நாலே நாலு லேன்தான் வைத்திருக்கிறது, நினைவகமும் 4 ஜிபிதான். நினைவகம் நிரம்பி வழியும்போது எல்லாம் அந்த நாலு லேன் வழியே ராமுக்கு ஓட வேண்டும். நாலாம் தலைமுறையில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும் பாதை, மூன்றாம் தலைமுறையில் 4 ஜிபியாகச் சுருங்கிவிடும். 5500-உம் மலிவு, 6500எக்ஸ்டியும் மலிவு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நியாயமான வரிகள். சேர்த்து எழுதினால் சீட்டு கெட்டுப்போகிறது. கைதேர்ந்தவர் எழுதியதா, விலைப்பட்டியலைப் பார்த்து எழுதியதா என்று இந்த மாதிரி இடத்தில்தான் கண்டுபிடிப்பேன்.

ப்ராசஸரும் கார்டும் ஒரே நுகத்தடியில் பூட்டிய ஜோடி மாடு. ஒன்று இழுக்க, மற்றது பின்தங்கினால் வண்டி கோணலாகத்தான் போகும். 1920×1080 திரையில் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரோடு ஆடப்போகிறவருக்கு 5600-உடன் ஆர்எக்ஸ் 6600 நல்ல ஜோடி. அதில் 8 ஜிபி நினைவகம், மின்சாரம் 132 வாட் மட்டும். கை இன்னும் கடித்தால் இன்டெல் கோர் ஐ3-12100எஃப். நாலே கோர்தான் என்றாலும் ஒவ்வொரு கோரும் கெட்டிக்காரக் கோர். பெயரின் கடைசியில் இருக்கும் எஃப் என்ற எழுத்து, உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். எச்டிஎம்ஐ வயரை கார்டில் செருகாமல் போர்டில் செருகிவிட்டு "டிஸ்ப்ளே வரல" என்று தவிப்பவர்களில் பாதிப் பேரைத் தவிக்கவிட்டது அந்த எழுத்துதான்.

எனக்கு இன்னமும் ஏஎம்4 மேல் கொஞ்சம் பாசம். 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய போர்டுகளில் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு ஐந்து வருடம் கழித்து வந்த 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. சிறு முதல் போட்டவருக்கு இதைவிட மரியாதை செய்த சாக்கெட் எனக்குத் தெரிந்து இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார்டைப் பற்றிப் பேசாமல் பட்ஜெட்டைப் பற்றிப் பேச முடியாது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும், கார்டு வைத்து அதைத் தோண்டும் தொழில் ஒரே நாளில் படுத்தது. தோண்டிக் களைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றைத் தீண்டாதே என்பார்கள். நான் அவ்வளவு கறார் இல்லை. ஒரே சூட்டில் நாள் முழுதும் ஓடிய சிப், சூடேறிச் சூடேறி ஆறிய சிப்பைவிட மோசமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முதலில் தேய்வது விசிறி. அதைக் காதால் கேட்டே சொல்லிவிடலாம். கடையிலேயே கால் மணி நேரம் கனமான கேம் ஓட்டிக் காட்டச் சொன்னால் மீதியும் தெரிந்துவிடும். பெயரை மட்டும் கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 580 என்று ஒன்று, ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்று இன்னொன்று. முதலாவதில் 2304 ஷேடர்கள். இரண்டாவது, 580 சட்டை போட்ட 570.

ராமைப் பற்றி ஒரு வார்த்தை போதும்: இரண்டு. 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்காமல் 8, 8 என்று இரண்டாக வாங்கி, போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் செருக வேண்டும். டிடிஆர்4-3200 ராம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டில் 51.2. 2025 கடைசியில் ராம் விலை எகிறியபோது "இப்போ ஒண்ணு, அப்புறம் ஒண்ணு" என்று வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கார்டே வாங்காமல் 5600ஜி மாதிரி உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள சிப்பில் தொடங்குகிறவர் அதைச் செய்யக் கூடாது. அவருக்கு ராம்தான் கார்டின் நினைவகமும். செருகியதும் பயாஸில் எக்ஸ்எம்பியைப் போட்டுவிட வேண்டும். மறந்தால் 3200-க்குக் காசு கொடுத்துவிட்டு 2133-இலோ 2400-இலோ ஆடிக்கொண்டிருப்போம். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லாது.

சீட்டில் நான் முதலில் பார்க்கும் வரி எது தெரியுமா? எஸ்எம்பிஎஸ். எழுதியவரின் குணம் அங்கேதான் இருக்கிறது. அது ஒரு ஃப்ரேம்கூடக் கூட்டாது, யார் கண்ணுக்கும் தெரியாது. வெட்டுவதற்குக் கை துறுதுறுக்கும். 5600-உம் 6600-உம் சேர்ந்து முழு மூச்சில் இழுத்தாலும் 200 வாட்டை ஒட்டித்தான் வரும். மற்றதெல்லாம் சேர்த்தாலும் நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். அந்த 'நல்ல' என்பதுதான் விஷயம். ஸ்டிக்கரில் பெரிதாக அச்சிட்ட வாட்டை விட்டுவிட்டு 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 36 ஆம்பியர் என்றால், 12-ஐ 36-ஆல் பெருக்க 432 வாட்; அது நேர்மையான 450. கரன்ட் போய் வரும் ஊர்க்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல்: ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு மலிவான யூபிஎஸ்ஸின் முரட்டு அலை ஒத்துக்கொள்ளாது. இரண்டையும் சேர்த்து யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

கேபினெட்டில் அழகு பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்துவிட்டால் காற்று எங்கிருந்து வரும்? மதிப்புரை எழுதுகிறவர்கள் 22, 23 டிகிரி அறையில் உட்கார்ந்து கார்டு 70 டிகிரி என்று எழுதுவார்கள். அந்த எண்ணோடு நம் மே மாதத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்; அறை 36 என்றால் கார்டு 83. வலை வைத்த முன்பக்கம், உள்ளே தள்ள இரண்டு விசிறி, பின்னால் வெளியேற்ற ஒன்று. விளக்கு இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

பொருத்தும் வேலை ஒரு மாலைதான், ஆனால் விரல்களுக்கு நல்ல தீனி. ஏஎம்4 சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கி, சிப்பின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால், 1331 ஊசிகளும் அழுத்தமே இல்லாமல் தாமாக இறங்கிவிடும். இன்டெல் பக்கம் நேரெதிர். ஊசிகள் போர்டில் இருக்கும், மூடும் நெம்புகோல் எதையோ நொறுக்குவதுபோல் முனகும், பயப்படாமல் அழுத்த வேண்டும். ராம் 'டக்' என்று உட்காருவதும், முன்பக்கச் சுவிட்சின் மெல்லிய வயர்களை மூக்குக் கண்ணாடியோடு செருகுவதும் தனி அனுபவம். பவர் சுவிட்ச் வயரை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யும். விளக்கு வயர் திருப்பினால் எரியாது.

பெட்டி எழுந்த பிறகும் கலை முடிவதில்லை. கடைசிக் கடன் கணக்கு கேமுக்குள்ளே செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது. டெக்ஸ்சரை ஏற்றுவதற்கு வேண்டியது கார்டின் நினைவகம். 8 ஜிபி இருந்தால் தயங்காமல் ஏற்றலாம், வேகம் அதிகம் குறையாது. நிழல், புகை, பிரதிபலிப்பு மூன்றும் கார்டு சிப்பின் உழைப்பைக் குடிப்பவை. அங்கே ஒரு படி இறங்கலாம். ஜிடிஏ 5-இல் புல்லுக்கென்றே தனிச் செட்டிங் உண்டு. நகரத்துக்குள் ஓட்டும்வரை அது இருப்பதே தெரியாது. மலைப்பக்கம் ஏறியதும் மட்டமான கார்டின் மூச்சைப் பிடித்துவிடும். தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்ற செட்டிங் ப்ராசஸரின் தலையில் விழும். அதனால் இவற்றைத் தனித்தனியாகத்தான் தொட வேண்டும். எல்லாவற்றையும் 'மீடியம்' என்று ஒரே தட்டாகத் தட்டுகிறவர், சீட்டை அவ்வளவு யோசித்து எழுதிவிட்டு இங்கே கோட்டைவிடுகிறார். ஓடும் காரிலிருந்து பார்த்து, நிழல் 'அல்ட்ரா'வில் இருக்கிறதா 'ஹை'யில் இருக்கிறதா என்று சொல்லுங்கள் என்றால் நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் விழிக்கத்தான் செய்தார்கள். 48 எஃப்பிஎஸ் 60 ஆனதை மட்டும் மூலையில் உள்ள எண்ணைப் பார்க்காமலேயே சொன்னார்கள்.