சுட்டார்களா என்ற ஒரே கேள்வி

ஜான்சி ராணிப் படையைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வந்துவிடும். "சரி, அவங்க உண்மையிலேயே சண்டை போட்டாங்களா?" வேரா ஹில்டபிராண்ட் எழுதிய 'விமன் அட் வார்' (2016) இந்தக் கேள்வியை விடாமல் துரத்தும் நூல். உயிரோடிருந்த முன்னாள் வீராங்கனைகளைத் தேடிப்போய்ப் பேசி, ஆவணங்களையும் புரட்டி, அவர் ஒரு முடிவுக்கு வருகிறார். அந்தப் பெண்கள் போர்முனைக்கு அனுப்பப்படவே இல்லை. வழக்கமாகச் சொல்லப்படும் ஆயிரம் என்ற எண்ணிக்கையும் மிகை என்கிறார்.

நேதாஜி விழா மேடைகளில் வளர்ந்தவர்களுக்கு இது கசக்கும். ஆனால் கசப்பு மறுப்பாகிவிடாது. அவர் சொல்வதை நான் ஏற்கிறேன். என் சிக்கல் வேறு. மேடையில் முழங்குபவரும் சரி, அதை உடைக்கும் ஆய்வாளரும் சரி, ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்பதுதான் அது. வெடித்திருந்தால் வீரம், இல்லாவிட்டால் வெறும் பிரச்சாரம். இந்தக் கணக்கில் யார் காணாமல் போகிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் பெண்களைப் படைக்கு அழைக்கிறார். அங்கே மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்கிறார். அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறக்கப்படுகிறது. அதே அக்டோபரில்தான் சயாம் - பர்மா ரயில் பாதையின் இரண்டு முனைகளும் இணைக்கப்படுகின்றன. அந்தப் பாதைக்காக மலாயாவிலிருந்து கொண்டு போகப்பட்ட தொழிலாளர்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலராவிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை.

ராணிப் படையில் சேர்ந்தவர்களிலும் பெருவாரியானவர்கள் ரப்பர் தோட்டத்துப் பெண்கள். அதாவது ஒரே லயத்திலிருந்து அண்ணன் ரயில் பாதைக்கும் தங்கை முகாமுக்கும் போயிருக்க முடியும். அண்ணனைப் பிடித்துப் போனது ஜப்பான்காரன். தங்கை சேர்ந்த படைக்குக் கூட்டாளியும் அதே ஜப்பான்காரன். பர்மாவுக்கு அந்தப் பெண்கள் பயணம் செய்ததும் அந்த ரயில் பாதையில்தான்! சன்னல் வழியாக அவர்கள் என்ன பார்த்தார்கள், பார்த்துவிட்டு என்ன பேசிக்கொண்டார்கள்? எனக்கு இந்த வரலாற்றில் முதன்மையான கேள்வி இதுதான்.

நம் இலக்கியம் இதை இரண்டு அலமாரிகளில் பிரித்து வைத்திருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' பலியானவர்களின் அலமாரியில். இந்திய தேசிய இராணுவம் வீரர்களின் அலமாரியில். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வீர வழிபாட்டைக் கிண்டல் செய்யத் தெரிந்த நாவல், தமிழில் அதற்கு இணை குறைவு. ஆனாலும் பாண்டியனின் உலகம் ஆண்களின் உலகம். இரண்டு அலமாரிக்கும் நடுவில் நிற்கிற தோட்டத்துப் பெண்ணுக்கு நாம் இன்னும் இடம் ஒதுக்கவில்லை.

ஆங்கில நூல்களிலும் அவள் கூட்டமாகத்தான் வருகிறாள். ஜாய்ஸ் லெப்ராவின் 'விமன் அகேன்ஸ்ட் த ராஜ்' (2008) அனுதாபத்தோடு எழுதப்பட்டது. அதிலும் முகமும் குரலும் கிடைப்பது படித்த பெண்களுக்கே. ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் போன்றோரின் வாழ்க்கை மதிப்புமிக்கது, சந்தேகமில்லை. ஒருவர் மஇகா தொடங்கியபோது அதில் பங்கெடுத்தார். இன்னொருவர் ஆசிரியைகளின் சம ஊதியத்துக்காகச் சங்கம் அமைத்துப் போராடினார். அவர்களுக்குப் பேட்டி கொடுக்க மொழியும் மேடையும் இருந்தன. பால் மரம் வெட்டப் போனவளுக்கு இரண்டும் இல்லை. நான் பொறியியல் படித்தவன். சென்சார் பொருத்தாத இடத்தில் அளவு பூஜ்யம் என்று எழுதினால் எங்கள் வேலையில் திட்டு விழும். வரலாற்று நூல்களில் மட்டும் அது செல்லுபடியாகிறது.

முகாமில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று யோசித்தால் துப்பாக்கிக் கணக்கு சின்னதாகிவிடும். தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பதற்குப் 'பெரட்டு' என்று பெயர். பரேட் என்ற சொல்தான் நம் வாயில் அப்படி ஆனது. கங்காணி பேர் கூப்பிட, கூலியாக வரிசையில் நின்றவள் அவள். வாட்டர்லூ தெருவிலும் வரிசைதான், அதட்டல்தான். ஆனால் கூப்பிட்ட பேர் ராணி. காற்சட்டை போட்டு, முடியை வெட்டி, டாக்டர் வீட்டுப் பெண்ணோடு ஒரே முகாமில் தூங்கினாள். அதிகாரிகள் பெரும்பாலும் படித்தவர்களாகவே இருந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். தோட்டத்தின் ஏணி முகாமுக்குள்ளும் கொஞ்சம் வந்துவிட்டது. இருந்தாலும் துரைக்கும் கங்காணிக்கும் வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று அவள் உடம்பு தெரிந்துகொண்டது அங்கேதான்.

தேசப்பற்றினால்தான் சேர்ந்தாளா? இந்தியாவையே பார்க்காத பெண்கள் அவர்களில் ஏராளம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டிய காலம், ஜப்பான் சிப்பாய்க்குப் பயந்து ஒளிந்த காலம். சாப்பாடு, பாதுகாப்பு, கோபம், ஆசை, போஸ் பேச்சின் மயக்கம் எல்லாமே காரணமாக இருந்திருக்கலாம். பசிக்காகச் சேர்ந்தவளின் சேவை குறைந்த சேவை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆண் சிப்பாய்களில் எத்தனை பேர் சம்பளத்துக்காகச் சேர்ந்தார்கள் என்று யாரும் குடைந்து கேட்பதில்லையே.

மேமியோவில் இம்பால் முனையிலிருந்து வந்த காயம்பட்டவர்களைப் பராமரித்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனைவிட்டுப் பின்வாங்கியபோது குண்டுவீச்சுக்கு ஒளிந்து, இரவில் நடந்தார்கள். போஸும் அவர்களோடு நடந்தார். துப்பாக்கிக் கணக்கில் இதெல்லாம் 'பின்வரிசை வேலை' ஆகிவிடுகிறது.

அன்று பதினெட்டு வயதானவர்களுக்கு இன்று நூறை ஒட்டிய வயது. இனி பேத்திகளிடமும் பழைய தோட்டத்து அக்கம்பக்கத்திடமும்தான் கேட்க முடியும். கேட்கப் போகிறவர்கள் "பாட்டி சுட்டாங்களா?" என்று ஆரம்பிக்க வேண்டாம். போர் முடிந்து திரும்பியபோது லயத்தில் அவர்களை எப்படிப் பார்த்தார்கள், வெட்டின முடிக்கு என்ன பதில் சொன்னார்கள், மறுபடியும் பெரட்டில் போய் நின்றார்களா, நின்றபோது கங்காணியின் அதட்டலுக்குப் பழையபடி தலை குனிந்தார்களா என்று கேட்கலாம்.