பனிமலையில் முன்னே நடந்தவள்

1902 சனவரியில் ஜப்பானின் ஹக்கோடா மலைக்குக் குளிர்காலப் பயிற்சிக்காகச் சென்ற அவோமோரிப் படையினர் 210 பேரில் 199 பேர் பனியில் மாண்டனர். அதே நாள்களில் ஹிரோசாக்கியிலிருந்து புறப்பட்ட சிறு குழுவோ உயிரிழப்பின்றி மலையைக் கடந்தது. இந்நிகழ்ச்சியை, மாந்தர் பெயர்களை மாற்றி, நித்தா ஜிரோ 1971இல் நாவலாக்கினார். ஃபூஜி மலை வானிலை நிலையத்தில் பணியாற்றியவர் அவர். ஆதலால் காற்றும் குளிரும் அவர் எழுத்தில் வெறும் வருணனையாக நின்றுவிடவில்லை, கதையையே நடத்துகின்றன.

நாவலின் உயிர்நிலை சாவா என்னும் கிராமத்துப் பெண் வரும் பகுதியே. ஆழப்பனியில் அவள் முன்னே நடக்கிறாள். வீரர்கள் அவள் அடிச்சுவட்டைப் பற்றிச் செல்கின்றனர். ஊர் நெருங்கியதும் தலைவன் தொக்குஷிமா அவளைப் பின்னுக்குப் போகப் பணிக்கிறான். பெண்ணொருத்தி வழிநடத்த ஊருக்குள் நுழைவது படைக்கு இழுக்காம்! 1977இல் மொரித்தானி ஷிரோ இயக்கிய திரைப்படத்திலோ படை அவளுக்கு வணக்கம் செலுத்துகிறது. காண்போர் கண் கலங்குவர். எனினும் நாவலின் கடுமையே மெய்ம்மைக்கு நெருக்கமானது. மண்ணை அறிந்தோர் சொற்கேட்டு உயிர்பிழைத்தவனும் அதை ஊரறிய ஒப்புக்கொள்ளக் கூசுகிறான். தொக்குஷிமாவை மாசற்ற தலைவனாக்க ஆசிரியர் மறுத்தது பெரிது.

குறையும் உண்டு. மற்றைப் படையில், கான்டாவின் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, வழிகாட்டிகளையும் மறுக்கும் யாமதாவின்மேல் பழியனைத்தும் ஏறிவிடுகிறது. தொக்குஷிமாவின் இரு பக்கங்களையும் காட்டிய நேர்மை யாமதாவுக்குக் கிட்டவில்லை.