சடை விழுவதும் சடை போடுவதும்

அக்கா மகன் போன மாதம் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, டிரெட்லாக்ஸ் போட்டுக்கலாம்னு இருக்கேன். அம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாங்க" என்றான். பின்னாலிருந்து அக்காவின் குரல்: "பண்டாரம் மாதிரி திரியணுமாம்டா இவனுக்கு!" அவனுக்கு வயது 24. தோளைத் தொடும் அலை முடி. வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவன்.

அக்கா எதிர்பார்த்தது ஓர் அதட்டல். அது என்னால் ஆகாது. 'உன் இஷ்டம்' என்று நழுவவும் மனமில்லை. நிஜமாகவே எடைபோட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

தமிழில் சடைக்கு இரண்டு வினைகள் இருக்கின்றன. சடை போடுவது என்றால் வாரிப் பின்னுவது. சடை விழுவது என்றால் வாராமல் விட்ட முடி தானாகச் சிக்கேறி, திரிந்து, கயிறாவது. முன்னது கையின் வேலை, ராத்திரி அவிழ்த்துவிடலாம். பின்னது காலத்தின் வேலை, எளிதில் அவிழாது. விழவேண்டிய ஒன்றைப் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறான் அவன். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

ஆப்பிரிக்க வழிவந்தவர்களின் இறுகிய சுருள் முடியில் வேர்க்குழியே வளைந்திருக்கும். முடி சுருண்டுகொண்டே வளர்ந்து, பக்கத்து முடியைச் சுற்றிக்கொள்ளும். உதிர்கிற முடி கீழே விழாமல் அந்தச் சுருளிலேயே மாட்டிக்கொள்ளும். அங்கே சடை என்பது முடி தன் போக்கில் செய்வது. பகுதி பிரித்து முறுக்கிவிட்டால் போதும். நம்மில் பெரும்பாலோரின் முடி நேர்முடி அல்லது அலை முடி. அது வழுக்கும். அதனால் சலூனில் முடியைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, நுனியிலிருந்து வேர்நோக்கிச் சீப்பைத் தள்ளித் தள்ளிச் சிக்காக்கி, பிறகு குரோஷா ஊசியால் வெளியே நிற்கும் இழைகளை உள்ளே இழுத்து இழுத்து இறுக்குகிறார்கள். அந்தக் கொக்கி முடியை இழுப்பதோடு நிற்பதில்லை, அறுக்கவும் செய்கிறது. காலையில் உட்கார்ந்தால் இருட்டும்போது எழுந்திருக்கலாம்.

அத்தோடு முடிந்தால் சரி. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. புதிதாக வரும் வேர்ப்பகுதி மறுபடி நேர்முடிதான். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் ஊசி, மீண்டும் முறுக்கு. ஒரே இடத்தில் ஆண்டுக்குப் பத்துத் தடவை இழுபட்டால் நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி பின்வாங்கும். தோல் மருத்துவர்கள் இதை இழுவையால் வரும் வழுக்கை என்கிறார்கள். ஆரம்பத்தில் விட்டுவிட்டால் திரும்ப முளைக்கும். ஆண்டுக்கணக்கில் இழுத்தால் முளைக்காது. அவன் அப்பாவின் முன்நெற்றியை நான் அறிவேன். அந்தப் பரம்பரைச் சொத்தை இவன் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

"சீப்பே வேண்டாம், பராமரிப்பே இல்லை" என்பது இதற்குச் சொல்லப்படும் பெரிய கவர்ச்சி. பாதி பொய். சீவும் வேலை போய், உலர்த்தும் வேலை வருகிறது. சடை விளக்குத்திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், நடுத்தண்டு ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடு படுத்தால், அந்த ஈரத்தோடு ஹெல்மெட் மாட்டினால், உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். மழையில் நனைந்து மூலையில் கிடந்த கோணிப்பை வாசம் வரும். வந்தபின் போக்குவது பெரும்பாடு. வறண்ட ஊரில் இருப்பவனுக்கு இது சின்னத் தொல்லை. கடற்காற்றின் ஈரத்தில், ஐப்பசி மழையில், ஓ.எம்.ஆர். வெயிலில் ஹெல்மெட்டுக்குள் ஒரு மணி நேரம் வியர்க்கிறவனுக்கு இதுதான் முதல் கேள்வி. முழுச் சடைமேல் ஹெல்மெட் ஒழுங்காக உட்காருமா என்பது இரண்டாவது. உட்காராத ஹெல்மெட் தலையைக் காக்காது.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் தலைமுடி என்றாலே தேங்காயெண்ணெய்தான். சடைக்கு அது ஆகாது. எண்ணெய் இளம் சிக்கை வழுக்கி அவிழ்க்கும். ஊறிய எண்ணெயை உள்ளிருந்து அலசி எடுக்கவும் முடியாது. சீயக்காய்த் தூளின் சக்கை உள்ளே தங்கும். தீபாவளிக் குளியலில் அக்கா கிண்ணத்தோடு நிற்கும்போது இவன் தலையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

எதிர்த்தரப்பு சொல்லும் பொய்யும் ஒன்று உண்டு: சடை என்றாலே அழுக்கு, பேன் என்பது. இது ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்கும் கதை. வாரம் இரண்டு முறை படிவு விடாத ஷாம்பூவால் மண்டைத்தோலைத் தேய்த்து அலசும் சடை, எண்ணெய் வழியும் பின்னலைவிடச் சுத்தம். பேன் சடைக்குள் பிறப்பதில்லை; அடுத்த தலையிலிருந்துதான் ஏறுகிறது. ஆனால் ஏறிவிட்டால் பேன் சீப்பு உள்ளே நுழையாது, அவ்வளவுதான்.

அடுத்தது இரவல் பற்றிய கேள்வி. அவன் சிநேகிதி ஒருத்தி, "அது கறுப்பர்களுடையது, நீ திருடுகிறாய்" என்றாளாம். இதை லேசாகத் தள்ளக் கூடாது. ஜமைக்காவின் ராஸ்தாஃபாரிகளுக்குச் சடை ஒரு விரதம். பைபிளின் எண்ணாகமத்தில் வரும், தலையில் சவரக்கத்தி படக்கூடாது என்ற நசரேய நேர்ச்சையை அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். 1963 ஏப்ரலில் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த கலவரத்தைச் சாக்காக வைத்து அந்நாட்டுப் போலீஸ் நூற்றுக்கணக்கான ராஸ்தாக்களைப் பிடித்து, அடித்து, சடையை அறுத்தது. அரசு மன்னிப்புக் கேட்டது 2017-இல். அமெரிக்காவில், சடையை வெட்ட மறுத்ததற்காக அலபாமாவில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வேலை மறுக்கப்பட்டது. அது இனப்பாகுபாடு ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. முடியை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க முதலில் சட்டம் போட்ட மாநிலம் கலிபோர்னியா, 2019-இல். ஒருவருக்குப் பிழைப்பைக் கெடுத்த முடி இன்னொருவருக்கு அலங்காரமாவது உறுத்தத்தான் செய்யும். அந்த உறுத்தல் நியாயம். ஆனால் அதிலிருந்து 'தமிழன் தலையில் சடை கூடாது' என்ற முடிவு வராது. சிக்குண்ட முடிக்கு யாரும் பட்டா வாங்கவில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை மணிகளும் பாப் மார்லி பனியனுமாகச் சேர்த்து வேடம் கட்டினால்தான் திருட்டு என்ற சொல் பொருந்தும்.

அந்தக் குற்றச்சாட்டுக்கு விடையாக அவன் எடுத்து வைத்த வாதம் எனக்கு இன்னும் பலவீனமாகப் பட்டது. "நம்ம சிவபெருமானே சடையர்தானே மாமா!" ஆமாம். சடையர் சுடுகாட்டில் ஆடுகிறவர். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போகிறவர் அல்லர். நம் மரபில் சடை துறவின் அடையாளம்: வீடு, வேலை, கண்ணாடி எல்லாம் விட்டவனுக்கு வருவது. கண்ணாடிமுன் நின்று தேர்ந்தெடுக்கும் சடைக்கு அந்த மரபு சாட்சி சொல்லாது. 1845 முதல் ஜமைக்காவுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்கள் வழியாகத்தான் சடையும் அங்கே போனது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. கஞ்சா என்ற சொல் அவர்களோடு போனது உண்மை. சடையைப் பொறுத்தவரை எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை குறைவு. சுருள் முடிக்குச் சடை விழ வெளிநாட்டு ஆசான் தேவையில்லை.

இங்கேயே சடைக்கு இன்னொரு முகம் இருப்பதை அவனுக்குச் சொன்னேன். கர்நாடக, மகாராஷ்டிர எல்லைப்புறங்களில் பெண்ணின் தலையில் சடை விழுந்தால் எல்லம்மா என்ற அம்மன் கூப்பிடுகிறாள் என்று அர்த்தம். வெட்டினால் குடும்பத்துக்குக் கேடு என்ற பயம். அந்தச் சடையைக் காட்டியே சிறுமிகளைத் தேவதாசிகளாக நேர்ந்துவிட்டார்கள். அதைத் தடுக்கக் கர்நாடகம் 1982-இல் சட்டம் போட்டது. நரேந்திர தாபோல்கர் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தினர் அந்தப் பெண்களோடு நாள்கணக்கில் பேசி, பயம் தெளிவித்து, சடையை வெட்டிவிடுகிறார்கள். இலங்கையின் கதிர்காமத்திலோ கதை வேறு. அங்கே சடை விழுந்த பெண்களைப் பற்றிக் கணநாத் ஒபயசேகர எழுதிய 'மெடூசாவின் கூந்தல்' 1981-இல் வந்தது. அதில் வரும் பெண்களுக்குச் சடை கடவுள் தந்த பரிசு. ஒரே சிக்கு, ஒருத்திக்கு விலங்கு, இன்னொருத்திக்கு வரம். வெட்டும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் நான் அளப்பேன். இவனிடம் அது முழுசாக இருக்கிறது. ஆகவே அறம் சார்ந்த தடை ஒன்றும் இல்லை.

மீதி, வெளியேறும் வழி. நம் தலையில் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்கிறது. சீவுகிறவனுக்கு அது சீப்போடு போகும். சடையில் போகாது. 50 என்றே வைத்தாலும் இரண்டு ஆண்டில் 36,500 செத்த முடிகள் உள்ளேயே முறுக்கிக் கிடக்கும். தலையில் மொத்தமே ஒரு லட்சம் சொச்சம்தான். கண்டிஷனர் ஊற்றி, இரும்புச் சீப்பால் நாள்கணக்கில் பிரித்தால் அவிழ்க்கலாம். கொத்துக் கொத்தாக வருவதைப் பார்த்து வழுக்கையாகிவிட்டோம் என்று அலறாதவர் குறைவு. பெரும்பாலோர் வெட்டிவிடுகிறார்கள். மேல்நாட்டில் இதுதான் சடைக்கு எதிரான கடைசி, கனமான வாதம். நம்மூரில் ஆணுக்கு அதற்கு எடையே இல்லை. பழனியும் சமயபுரமும் திருப்பதியும் இருக்கும் நாட்டில் மொட்டைத் தலையை யாரும் நின்று காரணம் கேட்பதில்லை. பெண்ணாக இருந்திருந்தால் இந்தப் பத்தியை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

தீர்ப்பைச் சொன்னேன். இறுகிய சுருள் முடிக்காரர் கேட்டிருந்தால், தாராளமாக. நேர்முடிக்காரருக்கு, வேண்டாம், முடியோடு மாதாமாதம் மல்லுக்கட்டி, காசும் நெற்றியும் இழப்பதுதான் மிச்சம். இவன் நடுவில் நிற்கிறான், அலை முடி. குரோஷா ஊசி கூடாது. மெழுகு கூடாது, தடவினால் தூசியை உள்ளே பூட்டிவிடும். சீப்பை நிறுத்து. வாரம் இருமுறை அலசு, டிரையர் போட்டு நடுத்தண்டுவரை உலர்த்து, உலராமல் ஹெல்மெட் மாட்டாதே. தினமும் விரலால் கற்றைகளைப் பிரித்துவிடு. இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே பாயாகிவிடும். ஆறு மாதத்தில் முடிச்சு விழத் தொடங்கினால் தொடரலாம், முழுதாகத் திரள ஒன்றரை இரண்டு ஆண்டு ஆகும். விழாவிட்டால் உன் முடிக்கு இஷ்டமில்லை, விட்டுவிடு. முதல் ஓராண்டு பார்க்கச் சகிக்காது. அதற்குப் பொறுமை இல்லையென்றால் ஒட்டுச் சடை பின்னிக்கொண்டு சில வாரத்தில் கழற்றிப் போடலாம். அதுவும் கேவலமில்லை.

"ஆறு மாசம்தானே, பார்த்துடலாம் மாமா" என்றான். போனை அக்கா வாங்கினாள். நான் சொன்னதை அவள் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. மொட்டை என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. "முருகா" என்று ஒரு பெருமூச்சு. இவன் தலையில் சடை விழுமோ விழாதோ, பழனிக்கு அவள் அப்போதே நேர்ந்துகொண்டுவிட்டாள்.