தேதி உண்டு, ஆள் இல்லை

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு எதிராக நேச நாடுகள் நடத்திய வான், கடல் தாக்குதல்களைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர் முதலில் புரட்டுவது நாள்வாரிக் குறிப்பேடுகளைத்தான். அமெரிக்க விமானப் படைக்குக் கிட் கார்ட்டரும் ராபர்ட் முல்லரும் தொகுத்தது ஒன்று. கடற்போருக்கு ஜெர்மானிய வரலாற்றாசிரியர் யூர்கன் ரோவர் தொகுத்தது இன்னொன்று. இன்ன தேதி, இன்ன படை, இத்தனை விமானம், இன்ன இலக்கு என்று வரி வரியாகப் போகும். திருமுருகன்பூண்டியில் உட்கார்ந்து இவற்றைப் படிப்பவருக்கு இந்த முறையின் பலமும் ஊனமும் சேர்ந்தே தெரியும். காரணம், இங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய சூலூர் விமானதளம் அந்தப் போரோடு பிணைந்த இடம்.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1944 ஏப்ரல் 19 அன்று, திருகோணமலையிலிருந்து கிளம்பிய பிரிட்டனின் கீழைக் கடற்படை சுமத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கியது. மே 17-ல் ஜாவாவின் சுரபாயா. அங்கே பத்துக் கப்பல்களை மூழ்கடித்துவிட்டதாக விமானிகள் நம்பினார்கள். போருக்குப் பிறகு ஜப்பானிய ஆவணங்களோடு ஒத்துப் பார்த்தபோது, மூழ்கியது ஒரே ஒரு சிறிய கப்பல் என்று தெரிந்தது. அமெரிக்க நீர்மூழ்கிகளின் கணக்கும் இப்படித்தான் சுருங்கியது: போர்க்காலத்தில் சொல்லப்பட்டது சுமார் 4,000 கப்பல், தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து அமைத்த மதிப்பீட்டுக் குழு 1947-ல் ஒப்புக்கொண்டது 1,314. தேதியும் இடமும் எழுத்தில் இருந்ததால்தான் இந்தத் திருத்தம் முடிந்தது. வெற்றிச் செய்தியை மறுநாள் பத்திரிகையில் படித்துவிட்டு மறந்திருந்தால், அந்தப் பொய்க் கணக்கே இன்றும் வரலாறாக நின்றிருக்கும். இந்தக் குறிப்பேடுகளை உருவாக்கியவர்களின் உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் குறிப்பேட்டுக்குத் தாக்குதல் நடந்த நாள்தான் நாள். சபாங்குக்குப் போன விமானம் அதற்கு முந்தைய மாதம் எங்கே இருந்தது, யார் பழுது பார்த்தார்கள் என்பது அதில் வராது. பிரிட்டிஷ் கடற்படை விமானப் பிரிவின் பழுதுபார்க்கும் தளம் ‘கருடா’ என்ற பெயரில் கோயமுத்தூரில் இயங்கியது. சூலூரும் பிறகு கடற்படை விமானதளமாயிற்று. கப்பல் தளத்தில் இறங்கும்போதே சக்கரம் ஒடிந்து, இறக்கை நசுங்கிப்போன விமானங்கள் அந்தப் போரில் ஏராளம். எதிரி சுட்டு வீழ்த்தியவற்றைப் போல இவையும் படையின் பலத்தைக் குறைத்தன. அவற்றை மறுபடி பறக்கவைக்கும் பட்டறை இல்லாமல் திருகோணமலைக் கடற்படையால் தொடர்ந்து தாக்கியிருக்க முடியாது. போரின் பாதி வேலை பட்டறையில் நடந்தது. அந்தப் பாதிக்கு நாள்வாரிக் குறிப்பில் இடமே இல்லை.

சூலூருக்கு இன்னொரு தேதியும் உண்டு: 1942 ஆகஸ்ட் 26. ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இறங்கிய சுற்றுவட்டாரத்து ஆட்கள், கட்டுமானத்தில் இருந்த ராணுவ விமானதளத்துக்குத் தீ வைத்தார்கள். கொட்டகைகளும் லாரிகளும் எரிந்தன. போலீஸ் ஊர் ஊராகப் புகுந்தது. கிராமங்கள் மீது கூட்டு அபராதம் விழுந்தது. பலர் பெல்லாரிக்குப் பக்கத்து அலிப்புரம் சிறைக்குப் போனார்கள். ஜப்பானுக்கு எதிரான தளத்தை எரித்தவர்கள் ஜப்பானின் ஆட்கள் அல்லர். தங்கள் மண்ணை யாரைக் கேட்டு இந்தப் போருக்குள் இழுத்தார்கள் என்று கேட்டவர்கள். நேச நாட்டு விமானதளம் ஒன்று நாசமான நாள் அது. எதிரி செய்யாத சேதம் என்பதால் அதைத் தாக்குதல் பட்டியலில் தேடிப் பயனில்லை.

குறிப்பேடுகளின் மிகப் பெரிய குறை சயாம் மரண ரயில் விஷயத்தில் தெரிகிறது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் இணைத்து முடித்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களைச் சில மாத வேலை என்று ஆசை காட்டியும், வழிமறித்துப் பிடித்தும் ரயிலேற்றினார்கள். மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது கொட்டகை கொட்டகையாகச் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்பது மதிப்பீடு. பாதை முடிந்த பிறகும் எஞ்சியவர்களில் பலரைப் பராமரிப்பு வேலைக்கு நிறுத்திக்கொண்டார்கள். வங்காளத்துத் தளங்களிலிருந்து பறந்த லிபரேட்டர் விமானங்கள் பாலங்களையும் ரயில் நிலையங்களையும் குண்டுவீசித் தகர்த்தபோது அடியில் இருந்தவர்கள் இவர்கள். உடைந்த பாலத்தை மறுநாள் சுமை தூக்கிச் சரிசெய்தவர்களும் இவர்களே.

குறிப்பேட்டில் என்ன இருக்கும்? லிபரேட்டர்கள் ரயில் பாலத்தைத் தாக்கின என்ற ஒரு வரி. அந்த உயரத்திலிருந்து விமானிக்கு ஆள் தெரியாது, அவர் கொடுத்த அறிக்கையைத்தானே தொகுக்க முடியும் என்று வாதிடலாம். நியாயம்தான். அந்தப் பாதையைத் துண்டிக்காமல் பர்மாவில் ஜப்பானியப் படைக்குப் போகும் சரக்கைத் தடுத்திருக்கவும் முடியாது. குண்டு வீசியதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கப்பல் கணக்கை ஜப்பானிய ஆவணம் தேடித் திருத்தியவர்கள், பாலத்தடி ஆட்களைப் பற்றி அப்படி யாரையும் கேட்கவில்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 போர்க் கைதிகள் ஒழுங்காக அடக்கமாகியிருக்கிறார்கள், பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லோடு. தமிழ்த் தொழிலாளர்கள் காட்டுக்குள் கூட்டமாகப் புதைந்துபோனார்கள். அவர்களுக்கென அங்கே ஒரு நடுகல் எழுந்தது 2023-ல்தான்.

ஆகவே, இந்தக் குறிப்பேடுகளைத் தேதிக்கு நம்பலாம். போரின் வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திருத்தும் வேலை இனி நம்முடையது. திருப்பூர், கோவைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் 1942 முதல் 1945 வரைக்கும் தமிழில் ஒரு நாள்வாரிக் குறிப்பேட்டைத் தொடங்க வேண்டும். சுரபாயா இருக்கிற அதே ஏட்டில் சூலூர்த் தீயும், அலிப்புரம் போனவர்களும், சயாம் போய்த் திரும்பாதவர்களும் தேதியோடு ஏற வேண்டும். உங்கள் வீட்டில் மலாயாவிலிருந்து வந்து 1942-க்குப் பின் நின்றுபோன கடிதங்கள் இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்; அவற்றைப் படியெடுத்து அருகிலுள்ள கல்லூரிக்குக் கொடுங்கள்.